டேப்பெட் கவரும் முப்பத்தாறு சேலையும்

“கோலம் போடற எடத்துல ஆயில ஊத்தி உட்டா மனுசன் எப்படிங்க சும்மா இருப்பான்? இது வாசலுங்களா, பெட்ரோல் பங்க்குங்களா?”

“ஒரு சொட்டுங்க சார். ஒரே ஒரு சொட்டு. அதுக்குப் போயி ஊரையே கூட்டறீங்க.”

“ஒரு சொட்டாம். உண்ணாமலை, அந்த மயிலைக் காட்டு.”

சாரின் மனைவி உண்ணாமலை நகர்ந்து நின்று காட்டினாள். விடிந்ததும் விடியாததுமாகக் குனிந்து அவள் போட்ட மயில் கோலத்தில் கழுத்து நன்றாக இருந்தது. கொண்டையும் பரவாயில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும், பக்கத்து வீட்டுக் குருமூர்த்தி காரைத் திருப்பிய இடத்தில், கறுப்பாகப் பரவி வழிந்திருந்தது.

“மயிலுக்கு வயித்தால போற மாதிரி இருக்குதுங்க,” என்றாள் உண்ணாமலை, யாரையும் பார்க்காமல்.

தெருவில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் குருமூர்த்திக்குத் தாங்கவில்லை. சந்திரசேகர் சார் எவ்வளவு கத்தினாலும் அவர் பொறுத்துக்கொள்வார். அஸ்தம்பட்டியில் ஏதோ ஓர் ஆபீஸில் ஹெட் கிளர்க்காக முப்பது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ரிட்டயர்டு ஆன பிறகு மிச்சம் பிடித்ததையெல்லாம் திருச்செங்கோட்டில் இந்தத் தெருவுக்கு என்று செலவழித்துக்கொண்டிருப்பவர் சார். அவர் கத்துவது பால்காரன் மணி அடிப்பது போல. ஆனால் தன் வண்டியைப் பார்த்து ஊர் சிரிப்பது வேறு விஷயம்.

“இங்க பாருங்க,” என்றார் குருமூர்த்தி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே. “வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. அதுக்கப்புறம் என்ற வண்டியில இருந்து ஒரு சொட்டு உளுந்தாலும் வண்டியக் குடுத்துப்போடறேன். அப்புறம் இந்த ஊட்ல கார்ங்கற பேச்சே இல்லை.”

இப்படி ஒரு வார்த்தைக்காக ஏழு வருஷமாகக் காத்திருந்த ஒருத்தி கேட்டுக்குள் நின்று கூரியர் கவருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சுளா, குருமூர்த்தியின் மனைவி. டேப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“சார், உண்ணாமலைக்கா, எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? நான் எதுவும் சொல்லலீங்க. அவராத்தான் சொன்னாரு.”

“எழுதியே வச்சுக்கலாம்,” என்றார் சந்திரசேகர் சார். ஃபைல் வாசனை பட்டதும் அவருக்குக் கோபம் பாதி தணிந்துவிட்டது. நிபந்தனையை அவரே வகுத்தார். வெள்ளிக்கிழமை வண்டி இளம்பிள்ளை வரை போய்த் திரும்ப வேண்டும். வந்ததும் அவர் வாசலில், வெள்ளை சார்ட் அட்டை மேல், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அட்டை அவருடையது.

இளம்பிள்ளை ஏன் என்றால், அங்கே சாரின் மகள் தீபிகா கல்யாணத்துக்குச் சொந்தபந்தங்களுக்கு எடுத்துக் கொடுக்க முப்பத்தாறு சேலை தயாராக இருந்தது. அந்த ஆர்டரைப் பிடித்ததும் மஞ்சுளாதான். தன் கல்யாணச் சேலையை ஏற்றி வரப்போகும் வண்டியின் மேல்தான் அப்பா வழக்குப் போடுகிறார் என்று தீபிகா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சண்டையும் பக்கத்து வீட்டு வியாபாரமும் இந்தத் தெருவில் தனித்தனிக் கணக்கு.

மஞ்சுளாவுக்கு வேண்டியது கார் போவதல்ல, கார் நிற்கும் இடம். இளம்பிள்ளைச் சேலையை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்க ஆரம்பித்தவளுக்கு இப்போது மூன்று குரூப், சேலத்திலிருந்து சிங்கப்பூர் வரை ஆள். ஆனால் சேலை வைக்க இடமில்லை. கட்டிலில் பாதி சேலை. ஃப்ரிட்ஜ் மேல் சேலை. குருமூர்த்தி துண்டை எடுக்கப் பீரோவைத் திறந்தால் சாஃப்ட் சில்க் மேலே விழும். வீட்டிலேயே பெரிய, வெளிச்சமான, வாசலைப் பார்த்த இடம் கார் போர்டிகோதான். அதில் ஒரு கிரீம் கலர் பத்மினி நிற்கிறது, எண்பத்தாறாம் வருஷத்து மாடல். வாரத்தில் ஒரு நாள் ஓடும், ஆறு நாள் கசியும்.

கசிவது டேப்பெட் கவரில். இன்ஜின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்த தகர மூடி அது. மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே கார்க்கில் ஒரு பேக்கிங் உண்டு. அது வேலை செய்தால் ஆயில் உள்ளே இருக்கும், செய்யாவிட்டால் உண்ணாமலையின் மயில் மேல் இருக்கும். ஒரு சாதாரண பேக்கிங்கை மாற்றுவது சாதாரண மனிதருக்கு அரை நாள் வேலை. குருமூர்த்தி சாதாரண மனிதரல்ல, ரிக் ஓட்டியவர்.

இருபத்திரண்டு வருஷம் போர்வெல் ரிக்கில் வடநாடெல்லாம் சுற்றியவர் அவர். ஒரு தடவை ஜார்க்கண்ட் பக்கம் ராடு ஜாயிண்ட் ஒன்றைச் சரியாக இறுக்காமல் விட்டதில் நானூறு அடி ராடும் குழிக்குள் போய்ச் சேர்ந்தது. பூமாதேவி அதைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து லூசு என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்குக் கை அரிக்கும். ரிக்கை விற்றாயிற்று, அரிப்பை விற்க முடியவில்லை. அவர் மூடிய ஊறுகாய் பாட்டிலை இந்தத் தெருவில் ஒருத்தரும் திறந்ததில்லை. அவர் மூடிய குழாயைத் திறக்க மஞ்சுளா முந்தானையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் மாற்ற வரும் பையன், “அண்ணன் ஊட்ல இருக்காருங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான்.

ஆகவே சனிக்கிழமை அவர் பானெட்டைத் தூக்கியபோது மஞ்சுளாவுக்கு ஒரு கவலையும் இல்லை. கேட்காமலே காப்பி வைத்துக் கொடுத்தாள்.

முதலில் பழைய கார்க்கைச் சுரண்டி எடுத்தார். கடையில் புதுக் கார்க் கிடைக்கும். ஆனால் ரிக் கம்ப்ரசருக்குப் போடும் தடி ரப்பர் ஷீட் வீட்டில் கிடக்கும்போது கார்க்கெல்லாம் எதற்கு என்று அதையே வெட்டிப் போட்டார். பிறகு ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் சொருகி, நீளத்தைக் கூட்டிக்கொண்டு, காலை பம்பரில் ஊன்றி இறுக்கினார். வண்டி முனகியது. முன்பு ஒரு பக்கம் கசிந்த ஆயில் இப்போது மூன்று பக்கம் கசிந்தது.

“இன்னுங் கொஞ்சம் புடிக்கோணும்,” என்றார்.

“ஆமாங்க மாமா, புடிங்க,” என்றாள் மஞ்சுளா. போர்டிகோவின் நீள அகலத்தை அவள் மனதுக்குள் அளந்து முடித்திருந்தாள். இடது பக்கம் அலமாரி, நடுவில் பாய், வலது சுவரில் ஆளுயரக் கண்ணாடி.

திங்கட்கிழமை கசிவை அடைக்கும் கேஸ்கெட் பேஸ்ட் ஒரு ட்யூப் முழுக்கப் பிதுக்கினார், கல்யாணக் கேக்குக்குக் க்ரீம் வைக்கிற மாதிரி. செவ்வாய்க்கிழமை அது சூட்டில் உருகி, உரித்த பாம்புச் சட்டை போலத் தொங்கியது. சந்திரசேகர் சார் காலை நடைக்குப் போகும்போதும் வரும்போதும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, “முடிஞ்சுதுங்களா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கே அவருக்கு ரெண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

புதன்கிழமைதான் மஞ்சுளாவின் கதை கெட்டது. தோல்வியை ஒப்புக்கொள்ளாத குருமூர்த்தி, “ஒரு ஒபீனியன் கேப்போம்” என்று சங்ககிரி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அப்துல் சலாம் பாயைக் கூட்டி வந்துவிட்டார். பாய்க்கு அறுபது வயசு, வெள்ளைத் தாடி. பத்மினி இன்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பார் என்று பேர். பானெட்டுக்குள் குனிந்து, மூடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“யாருங்க இறுக்குனது?”

“நாந்தானுங்க பாய்.”

“வண்டி மேல ஏதாச்சும் பழைய பகைங்களா?”

மூடியைக் கழற்றிக் காட்டினார். ஓரமெல்லாம் வளைந்து, பல் போன வாய் மாதிரி இருந்தது. அதை ஒரு மரப்பலகையில் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினார். ரப்பரையும் பேஸ்டையும் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, புதுக் கார்க்கை உட்கார வைத்தார். மூடி திறந்திருக்கும்போதே டேப்பெட் இடைவெளியையும் சரி பார்த்தார். ஆயில் அளக்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, அளவுக்கு மேல் இருந்த ஆயிலையும் இறக்கினார். “கசியுது கசியுதுன்னு மேல மேல ஊத்துனா அது கசியாம என்னங்க பண்ணும்?”

நட்டை விரலாலேயே சுற்றினார். கடைசியில் ஸ்பேனரை வைத்து ஒரு கால் சுற்று. அவ்வளவுதான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“அவ்வளவுதானுங்களா?” குருமூர்த்தியின் முகம் பரிதாபமாக இருந்தது. பிள்ளையைச் சட்டையில்லாமல் பள்ளிக்கூடம் அனுப்புகிற தகப்பன் முகம்.

“இது கார்க்குங்க. ராடு இல்லை. மெத்தையில தலைய வக்கற மாதிரி மூடி உக்காரோணும். அமுக்குனீங்கன்னா பிதுங்கி ஒடஞ்சு போயிரும். தொடாதீங்க. இந்த வண்டி உங்களுக்கு முன்னாடி கண்ண மூடாது.”

வியாழக்கிழமை முழுவதும் வண்டி காய்ந்து நின்றது. மஞ்சுளா நாலு தடவை குனிந்து பார்த்தாள். தரையில் ஒரு பொட்டு இல்லை. வளைகாப்புக்குப் போய்விட்டுச் சோறில்லாமல் திரும்பியவள் மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். அலமாரி போச்சு, பாய் போச்சு, ஆளுயரக் கண்ணாடியும் போச்சு. இன்னொரு ஏழு வருஷம் ஃப்ரிட்ஜ் மேல் சேலை. சாயந்திரம் கூரியர் போட்டுவிட்டு வந்தபோது குருமூர்த்தி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கைகழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு அவளை என்னமோ செய்தது.

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு விபூதி வைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பாடு. சந்திரசேகர் சார் வழியனுப்ப வந்து நின்றார். மஞ்சுளா பின்னால் காலிப் பைகளை டிக்கியில் வைத்துக்கொண்டே, ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

“ஏனுங்க மாமா, அந்த மூடி நட்டு கொஞ்சம் லூசா இருக்கறாப்புல இல்லீங்களா?”

குருமூர்த்தி நின்றார்.

“பாய் தொடவேண்டாம்னாரு.”

“அப்படின்னா உட்ருங்க. நமக்கென்ன தெரியும்.”

தெரியாது என்று சொல்லிவிட்டால் எந்த ரிக்காரன் வண்டி ஏறுவான்? குருமூர்த்தி ஸ்பேனரோடு முன்னால் போனார். பானெட் அவரை மறைத்தது. ரெண்டு நிமிஷம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். மஞ்சுளா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மடியில் கைகோத்துக்கொண்டு, சாமி கும்பிடுகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

போகும்போது வண்டி ராஜா மாதிரிப் போனது. இளம்பிள்ளையில் தறிக்காரர் தங்கசாமி முப்பத்தாறு சேலையையும் பிரித்துக் காட்டி, எண்ணி, கட்டி ஏற்றினார். டிக்கி நிறைந்து பின்சீட்டிலும் அடுக்கினார்கள். “இந்தக் காலத்துலயும் பத்மினியா, சும்மா கிண்ணுன்னு இருக்குதுங்களே,” என்று தங்கசாமி சொன்ன வார்த்தை குருமூர்த்திக்கு மகுடஞ்சாவடி வரை இனித்தது.

மகுடஞ்சாவடி தாண்டியதும் மூக்கில் ஏறியது. முதலில் யாரோ வடை சுடுகிறார்கள் என்று மஞ்சுளா நினைத்தாள். பிறகு வடையைச் சட்டியோடு கருக்குகிற மாதிரி வந்தது. பானெட் இடுக்கில் நீலப் புகை. மூடியிலிருந்து வழிந்த ஆயில் சூடான சைலன்சர் குழாய் மேல் சொட்டி, அங்கேயே பொரிந்து, புகையாகி, டேஷ்போர்டு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. வந்த புகை வேறெங்கே போகும்? பின்சீட்டுச் சேலைக்குள் போனது.

மஞ்சுளா திரும்பிப் பார்த்தாள். முப்பத்தாறு சேலை. கல்யாணச் சேலை. அவள் பிடித்த ஆர்டர்.

“நிறுத்துங்க மாமா. சேலைய வெளிய எடுத்தறலாம்.”

“நடு ரோட்டுல எங்க கொண்டு போயி வப்ப? ஊடு போயிரலாம்.” ஜன்னல் நாலையும் இறக்கிவிட்டார். வண்டி புகைந்துகொண்டே, வழியெல்லாம் லாரிக்காரர்கள் கைநீட்டிக் காட்டக் காட்ட, திருச்செங்கோடு வந்து சேர்ந்தது.

சார்ட் அட்டை தயாராக இருந்தது. நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார் சந்திரசேகர் சார். ஒரு மணி நேரம் தேவைப்படவில்லை. குருமூர்த்தி இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் முதல் சொட்டு விழுந்தது. பிறகு அதன் தம்பிகள் வந்தார்கள்.

“நான் என்னத்தச் சொல்றதுங்க,” என்றார் சார், நிறையச் சொல்லும் முகத்தோடு. பிறகு டிக்கி திறந்தது. மகளின் சேலைக் கட்டை மூக்கருகே கொண்டுபோனவர் அதற்கப்புறம் உண்மையிலேயே எதுவும் சொல்லவில்லை. வழக்கில் ஜெயித்துவிட்டு சொந்த வீட்டுக்கே தண்டனை வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தீபிகாதான் கீழே இறங்கி வந்து ஒரு சேலையைப் பிரித்து முகர்ந்தாள். “அத்தை, இதைக் கட்டிட்டு வந்தா எங்க பெரியம்மாவ பஸ் ஸ்டாண்டுல டீசல் போடக் கூப்பிடுவாங்க.”

“மூணு நாள் குடு கண்ணு. காத்துல போட்டா போயிரும்,” என்றாள் மஞ்சுளா.

காற்றில் போட இடம் வேண்டுமே. வண்டி வெளியே நிற்கிறது, போர்டிகோ காலி. குருமூர்த்தி சொல்லாமலே கயிறு எடுத்து வந்து தூணுக்குத் தூண் கட்டினார். தட்டினால் வீணை மாதிரி நாதம் வரும் இறுக்கம். முப்பத்தாறு சேலையும் கலர் கலராகத் தொங்கின. கீழே சாம்பிராணிச் சட்டி. வேலைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், அடுத்த தெருக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். “மஞ்சுளா, அந்த மாம்பழக் கலரு வெல என்னங்க?” என்று கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினோரு பேர் புது ஆர்டர் சொன்னார்கள். மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று மாதத்தில் நடக்காத வியாபாரம்.

சந்தோஷப்பட வேண்டியவள் சந்தோஷப்படவில்லை. குருமூர்த்தி சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். சும்மா இருக்கிற மனுஷனை என்ன செய்வது?

திங்கட்கிழமை சலாம் பாய் வந்தார். மூடியைக் கழற்றி, நாலு துண்டாகிப் போயிருந்த கார்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“கழுத்தப் புடிச்சு நெரிச்சிருக்கீங்க.”

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மஞ்சுளா, இதற்கு மேல் அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். “அவரு மேல தப்பு இல்லீங்க பாய். நாந்தான் லூசா இருக்குதுன்னு சொன்னேன். லூசா இல்லைன்னு தெரிஞ்சே சொன்னேன்.”

குருமூர்த்தி அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

“நீ சொல்றதுக்கு முந்தியே இறுக்கிட்டேன் மஞ்சு. நீ வியாழக்கெழம கூரியருக்குப் போனீல்ல, அப்பவே. நீ சொன்னப்ப சுத்தறதுக்கு எடமே இல்லை. சும்மா ஸ்பேனர வச்சு எடுத்துட்டு வந்தேன்.”

அது உண்மையா, இவளுக்காகச் சொன்னதா என்று மஞ்சுளாவுக்கு இன்று வரை தெரியாது. வியாழக்கிழமை சாயந்திரம் அவர் எதற்குக் கை கழுவினார் என்று அவளும் கேட்கவில்லை.

சலாம் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். “புதுக் கார்க் போட்டா நின்னுரும். அது ஒரு வேலையே இல்லை. நான் அந்தப் பக்கம் போனதுக்கப்புறம் நீங்க கைய வைக்காம இருப்பீங்களா, அதச் சொல்லுங்க.”

குருமூர்த்தி வண்டியைப் பார்த்தார். நட்டைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் கொஞ்சம் யோசித்தார்.

“இருக்க மாட்டேனுங்க பாய்.”

“அப்ப?”

“நீங்களே ஓட்டிட்டுப் போயிருங்க. உங்ககிட்ட இருந்தா நல்லா இருக்கும்.”

அன்று மத்தியானமே பத்மினி சங்ககிரி ரோட்டுக்குப் போனது. குருமூர்த்தி தெருமுனை வரை கூடவே நடந்தார். திரும்பி வந்து, “அலமாரி எந்தப் பக்கம் வக்கோணும்?” என்று கேட்டார். மஞ்சுளா இடது பக்கத்தைக் காட்டினாள். அந்த அலமாரி சுவரோடு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்றால், வீட்டை இடித்தாலும் அது நிற்கும்.

அதற்கப்புறம் நடந்தது தெருவுக்கே தெரியும். சலாம் பாயின் மகன் ஃபர்ஹானுக்கும் சேலத்துப் பெண் ஷிரீனுக்கும் ஆவணியில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை அந்தப் பத்மினியில்தான் போய் இறங்கினான். பிரியாணிக்குப் போன குருமூர்த்தியை வண்டி கண்ணில் படாதபடி முதுகுகாட்டி உட்கார வைத்துப் பரிமாறியது சலாம் பாயின் மனைவி மெஹர்பானு. தீபிகா கல்யாணமாகி ஓசூர் போனாள். பெரியம்மாக்கள் எல்லாரும் அந்தச் சேலையைத்தான் கட்டினார்கள். சாம்பிராணி வாசம் தூக்கலாக இருந்ததால் மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப ஆசாரமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மகள் போன பிறகு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று சந்திரசேகர் சாரும் உண்ணாமலையும் வீட்டை விற்றுவிட்டுச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மூன்றாவது மாடிக்குக் குடிபோய்விட்டார்கள். வாங்கியவர் ஜீவானந்தம் என்று நாமக்கல்லில் இருந்து வந்த முட்டை லாரி ஓனர். பத்துச் சக்கர வண்டி, ராத்திரி பகல் என்றில்லாமல் வாசலில் நிற்கிறது. கீழே ஆயில் ஒரு குளமே கட்டியிருக்கிறது. ஆள் ஆறடி உயரம், மீசை வேறு. தெருவில் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.